நடமாடும் கதிர்மூலங்கள்: வீதியோர அடர்த்திமானியும் அதற்கான அனுமதியும்

பாலம் தொடங்கும் இடத்துக் குலுக்கம்

திருகோணமலையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் ஏ-15 வீதி, கடல்நீரேரிகளையும் ஆற்று முகங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து செல்கிறது. ஒரு காலத்தில் இந்த நீர்ப்பரப்புகளில் வாகனங்களும் மக்களும் ‘பாதை’ எனப்படும் மிதவையில் ஏறி அக்கரை சேர்ந்தனர். உள்நாட்டுப் போருக்குப் பின் பாதைகளின் இடத்தைப் பாலங்கள் பிடித்தன. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது.

இத்தகைய பாலங்களில் பயணம் செய்த பலருக்கும் ஒரு கேள்வி எழுந்திருக்கும். வீதி சமமாக இருக்கிறது, பாலமும் சமமாக இருக்கிறது. இரண்டும் சேரும் இடத்தில் மட்டும் வண்டி ஏன் தூக்கிப் போடுகிறது? பாலம் ஆழமான தூண்களின் மேல் நிற்பதால் அது இறங்குவதில்லை. பாலத்தை அணுகும் வீதியோ கொட்டி உயர்த்திய மண் அணையின் மேல் கிடக்கிறது. அணைக்குக் கீழேயுள்ள சேற்று நிலம் மெல்ல அமிழலாம். அணையின் மண்ணே போதிய அளவு இறுகாமல் விடப்பட்டிருக்கலாம். வடகீழ்ப் பருவமழை இரண்டு மூன்று முறை பெய்து ஓய்ந்ததும் வீதி சில சென்ரிமீற்றர் தாழ்ந்துவிடும். பாலம் தாழாது. அங்கே ஒரு படி உருவாகிறது.

இரண்டு காரணங்களில் முதலாவதைத் தடுப்பது கடினம். இரண்டாவதைக் கட்டுமானம் நடக்கும்போதே தடுத்துவிடலாம். அதற்கு உருளை இயந்திரம் ஓடி முடித்த மண் உண்மையில் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பது தெரிய வேண்டும். மேலிருந்து பார்த்தால் நன்றாக இறுகிய மண்ணும் அரைகுறையாக இறுகிய மண்ணும் ஒன்றுபோலவே தோன்றும். இந்த வேறுபாட்டை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும் கருவி ஒன்று உண்டு. ஒருவர் கையில் தூக்கிச் செல்லக்கூடிய மஞ்சள் நிறப் பெட்டி அது. அதற்குள் கதிரியக்கப் பொருள்கள் இரண்டு இருக்கின்றன. அவற்றை வைத்திருக்கவும் ஏற்றிச் செல்லவும் யாருக்கு அனுமதி, அந்த அனுமதியை யார் தருகிறார், வேலை முடிந்தபின் பெட்டி எங்கே போகிறது என்பனவே இந்த அத்தியாயத்தின் பொருள்.

மண்ணின் இறுக்கம்

1933இல் கலிபோர்னியாவில் மண் அணைகளைக் கட்டிக்கொண்டிருந்த ரால்ஃப் புரொக்டர் என்ற பொறியியலாளர் ஒன்றைத் தெளிவாகக் காட்டினார். ஒரே அளவு பலத்தால் இடித்தாலும் மண் எவ்வளவு இறுகும் என்பது அதிலுள்ள நீரைப் பொறுத்தது. காய்ந்த மண் உதிர்ந்து நிற்கும். மிகை நீர் கலந்தால் நீரே இடத்தை அடைத்துக்கொள்ளும். இடையில் ஓர் ஈரப்பதத்தில்தான் மண் உச்ச அளவுக்கு இறுகும். ஆய்வுகூடத்தில் காணும் இந்த உச்ச இறுக்கத்தில் களத்து மண் 95 சதவீதத்தையாவது எட்ட வேண்டும் என்று வீதி ஒப்பந்தங்கள் நிபந்தனை விதிக்கின்றன. மேலடுக்குகளுக்கு இந்தச் சதவீதம் இன்னும் உயர்கிறது.

களத்தில் இதை அளக்கும் பழைய முறை மணல் மாற்றுச் சோதனை. இறுகிய மண்ணில் ஒரு குழி தோண்டி, எடுத்த மண் முழுவதையும் நிறுத்து, அடர்த்தி தெரிந்த மணலைக் குழிக்குள் விட்டு அதன் கொள்ளளவைக் கண்டு, பிறகு மண்ணை உலர்த்தி மீண்டும் நிறுக்க வேண்டும். நம்பகமான முறைதான், செலவும் குறைவு. ஆனால் உலர்த்தும் அடுப்பிலிருந்து விடை வரும்வரை உருளை காத்திருக்க வேண்டும், அல்லது விடை தெரியாமலே அடுத்த அடுக்கைக் கொட்ட வேண்டும். மழை மேகம் திரளும் மாதங்களில் பெரும்பாலும் இரண்டாவதே நடக்கும்.

குழி தோண்டாமல், காத்திருக்காமல் அளக்க முடியுமா என்ற தேடலுக்கு அணு இயற்பியல் விடை தந்தது. காமா கதிரையும் நியூத்திரனையும் கொண்டு மண்ணின் அடர்த்தியையும் ஈரத்தையும் அளக்கும் ஆய்வுகள் 1950 அளவில் அமெரிக்காவில் வெளிவந்தன. சில ஆண்டுகளிலேயே அவை விற்பனைக் கருவிகளாயின.

பெட்டிக்குள் இருப்பவை

இந்த அடர்த்திமானியின் நடுவே ஓர் உருக்குக் கம்பி மேலும் கீழும் நகரும். அதன் நுனியில் சில மில்லிமீற்றர் அளவே உள்ள, இரட்டைச் சுவர் கொண்ட துருவேறா உருக்குக் குப்பி ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. அதற்குள் சீசியம்-137 இருக்கிறது. இவ்வாறு கசியாதபடி அடைத்து மூடப்பட்ட கதிரியக்கப் பொருளை இனி ‘மூடிய மூலம்’ என்று குறிப்பிடலாம். கருவி ஓய்வில் இருக்கும்போது கம்பியின் நுனி பெட்டிக்குள் ஒரு கனமான உலோகக் கவசத்துக்குள் ஒடுங்கிக் கிடக்கும்.

அளக்கும்போது தரையில் ஒரு சிறு துளை இட்டு, கம்பியைத் துளைக்குள் இறக்குவர். அங்கிருந்து புறப்படும் காமா கதிர்கள் மண்ணை ஊடுருவிப் பெட்டியின் மறுமுனையிலுள்ள எண்ணிகளை அடைய வேண்டும். மண் அடர்த்தியாக இருந்தால் வழியிலேயே பல கதிர்கள் தடுக்கப்பட்டு, எண்ணிக்கை குறையும். மண் தளர்வாக இருந்தால் எண்ணிக்கை கூடும்.

ஈரத்தை அளப்பது இரண்டாவது மூலம். அமெரிசியம்-241 உம் பெரிலியமும் கலந்த குப்பி அது. அமெரிசியம் உமிழும் அல்பாத் துணிக்கைகள் பெரிலியத்தைத் தாக்கும்போது வேகமான நியூத்திரன்கள் வெளிப்படுகின்றன. போளை அடிக்கும் சிறுவர்களுக்கு இதன் மீதிக் கதை தெரியும்: ஓடிவரும் போளை பெரிய கல்லில் மோதினால் அதே வேகத்தில் தெறித்துத் திரும்பும், தன்னளவே உள்ள இன்னொரு போளையில் மோதினால் வேகத்தைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். நியூத்திரனின் அளவை ஒத்த அணுக்கரு ஐதரசனுடையது. மண்ணில் ஐதரசன் பெரும்பாலும் நீராகவே இருக்கிறது. ஆகவே வேகம் தணிந்து திரும்பும் நியூத்திரன்களை எண்ணினால் நீரை எண்ணியதாகிவிடும். இதே காரணத்தால் தார் கலந்த கலவையும் இலைமக்கு நிறைந்த மண்ணும் கருவியை ஏமாற்றக்கூடும். அவற்றிலும் ஐதரசன் உண்டு. நல்ல இயக்குநர் இத்தகைய மண்ணில் கருவியின் விடையை உலர்த்திய மண்ணோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்வார்.

ஓர் இடம், ஒரு நிமிடம்

கடல்நீரேரி ஓரத்தில் பாலமொன்றுக்கு அணுகுவீதி அமைகிறது என்று கொள்வோம். ஆய்வுகூடத்தில் அந்தக் கிரவல் மண்ணின் உச்ச உலர் அடர்த்தி ஒரு கனமீற்றருக்கு 2,000 கிலோகிராம் என்று காணப்பட்டிருக்கிறது. ஒப்பந்தம் கேட்பது 95 சதவீதம், அதாவது 1,900 கிலோகிராம்.

உருளை விலகியதும் இயக்குநர் கருவியை வைத்து, கம்பியை 15 சென்ரிமீற்றர் இறக்கி, சில அடி விலகி நிற்கிறார். ஒரு நிமிடத்தில் திரையில் இரண்டு எண்கள் வருகின்றன: ஈர மண்ணின் அடர்த்தி 2,050, அதிலுள்ள நீர் 170. நீரைக் கழித்தால் உலர் அடர்த்தி 1,880. அது உச்சத்தின் 94 சதவீதம். ஒரு சதவீதம் போதாது. உருளை இன்னும் இரண்டு முறை போய்வருகிறது. அடுத்த அளவீடு 1,910 காட்டுகிறது. பணி தொடர்கிறது.

இந்த ஒரு சதவீதத்துக்காகத்தான் கதிரியக்கப் பொருளை வீதிக்குக் கொண்டுவருகிறார்கள். பத்து ஆண்டுகள் கழித்து அந்த இடத்தில் பேருந்து குலுங்காமல் போவதற்கும், நோயாளியை ஏற்றிய வாகனம் வேகம் குறைக்காமல் போவதற்கும் இந்த நிமிடம் ஒரு காரணம். கதிரியக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் கருவியையே விலக்கிவிட வேண்டும் என்பவர்கள் இந்தப் பயனையும் தராசில் வைக்க வேண்டும்.

குப்பி கவசத்தை விட்டு வெளியே வந்தால்

இனி மறுதட்டு. சாதாரணமாக இத்தகைய கருவியில் உள்ள சீசியத்தின் அளவு 0.3 கிகாபெக்கரல், அதாவது ஒவ்வொரு வினாடியும் 30 கோடி அணுக்கள் சிதைகின்றன. எண் அச்சுறுத்துகிறது, ஆனால் உடலுக்கு என்ன நேரும் என்பதை இந்த எண் சொல்லாது. அதற்கு வேறோர் அலகு உண்டு. கதிரால் உடல் திசுக்களில் விளையக்கூடிய பாதிப்பைச் சீவேர்ட் என்ற அலகில் அளக்கிறார்கள். அதன் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிசீவேர்ட், பத்து இலட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோசீவேர்ட். மனிதர் ஒருவர் மண், காற்று, உணவு, விண்வெளி ஆகிய இயற்கை வழிகளில் ஆண்டுக்குப் பெறும் உலக சராசரி 2.4 மில்லிசீவேர்ட். செயற்கை மூலங்களால் பொதுமக்களில் ஒருவர் பெறக்கூடியதற்குச் சர்வதேசத் தரம் வைத்துள்ள எல்லை ஆண்டுக்கு 1 மில்லிசீவேர்ட். கதிரோடு தொழில் செய்பவருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20.

பெட்டிக்குள் இருக்கும்வரை கணக்கு எளிது. பெட்டியிலிருந்து ஒரு மீற்றர் தூரத்தில் மணிக்குச் சில மைக்ரோசீவேர்ட் மட்டுமே. அளவீட்டுக்கு ஒரு நிமிடம், அதிலும் விலகி நிற்கும் பழக்கம் இருந்தால் இயக்குநரின் ஆண்டுக் கணக்கு எல்லைக்கு வெகு கீழேயே நிற்கும்.

கம்பி உடைந்து குப்பி கவசத்தை விட்டு வெளியே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வெறும் குப்பியிலிருந்து ஒரு மீற்றர் தூரத்தில் காமா கதிர் ஏற்பு மணிக்கு ஏறத்தாழ 25 மைக்ரோசீவேர்ட். தூரம் இருமடங்கானால் ஏற்பு நான்கில் ஒன்றாகக் குறையும். ஆகவே இரண்டு மீற்றரில் மணிக்கு 6 மட்டுமே. தூரம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் ஏற்பு நூறு மடங்காகும். பத்துச் சென்ரிமீற்றரில் மணிக்கு 2,500, அதாவது 2.5 மில்லிசீவேர்ட். பொதுமகன் ஒருவரின் ஓராண்டு எல்லை அங்கே 24 நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஒரு சென்ரிமீற்றரில் மீண்டும் நூறு மடங்கு: மணிக்குக் கால் சீவேர்ட். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுவதும் நடந்தால், அந்த இடத்துத் தோல் சிவந்து புண்ணாகக்கூடிய அளவை அது நெருங்கும்.

பையில் போடுவதைவிட இன்னும் எளிதாக நடக்கக்கூடியது ஒன்று உண்டு. பளபளக்கும் சிறு உருக்குத் துண்டை ஒருவர் வீட்டுக்குக் கொண்டுவந்து, படுக்கையிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி இறாக்கையில் வைக்கிறார். இரவுக்கு எட்டு மணி நேரம், அதாவது இரவுக்கு 0.2 மில்லிசீவேர்ட். ஐந்து இரவுகளில் ஆண்டு எல்லை முடிகிறது. யாரும் கவனிக்காமல் ஓராண்டு கழிந்தால் 73 மில்லிசீவேர்ட். கதிர்த் தொழிலாளிக்கு ஓராண்டுக்கு விதித்த சராசரி எல்லையின் மூன்றரை மடங்குக்கும் மேல். காய்ச்சல் வராது, வலி இருக்காது, மணமும் இல்லை. அதே அறையில் உறங்கும் குழந்தைக்கும் இதே கணக்குத்தான்.

ஆகவே இந்தக் கருவியின் ஆபத்து அதைப் பயன்படுத்தும் நிமிடத்தில் மிகக் குறைவு. அது யாருடையது, எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாமல் போகும்போதே ஆபத்துத் தொடங்குகிறது. அனுமதிப்பத்திரம் என்ற ஏற்பாடு முழுவதும் இந்த ஒரு நிலையைத் தடுப்பதற்காகவே கட்டப்பட்டது.

ஐந்தில் நான்காம் வகை

சர்வதேச அணுசக்தி முகமை கதிர்மூலங்களை ஆபத்தின் படி ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறது. கட்டுப்பாடின்றி வெளியே வந்தால் உயிருக்கோ உடலுக்கோ நிலையான தீங்கு செய்யக்கூடிய அளவு ஒன்றை ஒவ்வொரு பொருளுக்கும் நிர்ணயித்து, மூலத்தில் இருப்பது அந்த அளவின் எத்தனை மடங்கு என்று பார்ப்பதே முறை. புற்றுநோய்ச் சிகிச்சையில் பயன்படும் பெரிய கோபால்ட் மூலங்கள் முதலாம் வகை. உலோக இணைப்புகளைப் படம்பிடிக்கும் இரிடியம் மூலங்கள் இரண்டாம் வகை.

கையடக்க அடர்த்திமானி நான்காம் வகை. சீசியத்தை மட்டும் கணக்கிட்டால் அது ஆபத்து அளவின் ஆயிரத்தில் மூன்று பங்கே. கடைசி வகைக்கே போயிருக்கும். நியூத்திரன் தரும் அமெரிசியம் 1.5 கிகாபெக்கரல் அளவில் இருப்பதால்தான் மொத்தம் நூற்றில் மூன்று பங்கை நெருங்கி நான்காம் வகைக்கு உயர்கிறது. எவருக்கும் நிலையான தீங்கு விளைவிப்பது மிக அரிது, பல மணி நேரம் கையில் வைத்திருந்தால் தற்காலிகக் காயம் ஏற்படலாம் என்பதே அவ்வகையின் விளக்கம். மேலே செய்த கணக்கோடு இது பொருந்துகிறது.

ஆனால் இந்த வகைப்பாட்டுக்கு எதிர்பாராத ஒரு விளைவு உண்டு. 2003இல் முகமை ஏற்றுக்கொண்ட கதிர்மூலப் பாதுகாப்பு நடத்தைக் கோவை முதல் மூன்று வகைகளையே முதன்மையாகக் குறிவைக்கிறது. அதன் ஏற்றுமதி, இறக்குமதி வழிகாட்டலில், அனுப்பும் நாடு பெறும் நாட்டுக்கு முன்கூட்டியே அறிவிக்கும் ஏற்பாடு முதலிரு வகைகளுக்கானது. நான்காம் வகைப் பெட்டியொன்று எல்லை தாண்டும்போது அந்தச் சர்வதேச மணி அடிப்பதில்லை. பெரிய மூலம் ஆண்டுக்கணக்கில் ஒரே மருத்துவமனை அறையில் கிடக்கும். சிறிய மூலமோ வாரத்துக்கு ஒரு மாவட்டம் பயணம் செய்யும். அதிகம் நடமாடும் மூலத்தின் மேல்தான் உலகின் பார்வை குறைவாக இருக்கிறது. அதைப் பிடித்துவைத்திருப்பது உள்நாட்டுச் சட்டமும் உள்நாட்டு அனுமதிப்பத்திரமும் மட்டுமே. சிறிய நாடொன்றின் ஒழுங்குபடுத்தும் அமைப்பை எடை போடுபவர் இதை மறக்கக்கூடாது.

2014ஆம் ஆண்டுச் சட்டம்

இலங்கை 1957 முதலே சர்வதேச அணுசக்தி முகமையின் உறுப்பு நாடு. 1969ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் அணுசக்தி அதிகார சபையை உருவாக்கியது. அணுத் தொழினுட்பத்தை நாட்டில் வளர்ப்பதும் அதைப் பயன்படுத்துவோரைக் கண்காணிப்பதும் அந்த ஒரே அமைப்பின் பொறுப்பாக இருந்தன. இரண்டு வேலைகளும் ஒரே கையில் இருப்பது நல்லதன்று. வளர்க்க விரும்புபவர் தடுக்கத் தயங்குவார்.

2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க இலங்கை அணுசக்திச் சட்டம் இதைப் பிரித்தது. 2015 தொடக்கத்திலிருந்து இரண்டு அமைப்புகள் இயங்குகின்றன. இலங்கை அணுசக்திச் சபை ஆய்வு, பயிற்சி, தொழிலாளர்களின் கதிர் ஏற்பை அளக்கும் சேவை போன்றவற்றை நடத்துகிறது. இலங்கை அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவை அனுமதிப்பத்திரம் வழங்குகிறது, பரிசோதகர்களை அனுப்புகிறது, விதி மீறுவோர்மேல் நடவடிக்கை எடுக்கிறது. அயனாக்கும் கதிரோடு தொடர்புள்ள எந்தச் செயற்பாட்டையும் அனுமதிப்பத்திரமின்றிச் செய்ய முடியாது என்பதே சட்டத்தின் அடித்தளம்.

அனுமதி கேட்டு வரும் கட்டுமான நிறுவனத்திடம் ஒழுங்குபடுத்துநர் எதைப் பார்க்க வேண்டும் என்பதைச் சர்வதேசத் தரங்கள் விரிவாகச் சொல்கின்றன. முதலாவது ஆள். கதிர்ப் பாதுகாப்புக்குப் பொறுப்பான அலுவலர் ஒருவர் பெயர் குறிப்பிட்டு நியமிக்கப்பட்டிருக்க வேண்டும்; கருவியைத் தொடுபவர் ஒவ்வொருவரும் பயிற்சி பெற்று, உடலில் ஏற்பளவி அணிந்திருக்க வேண்டும். அடுத்தது இடம். ஊழியர் அமர்ந்து வேலை செய்யும் மேசைகளிலிருந்து தள்ளி, பூட்டும் எச்சரிக்கைக் குறியும் உள்ள அறை வேண்டும். பெட்டியைத் தளவாடக் கொட்டிலின் மூலையில், சீமெந்து மூட்டைகளுக்கிடையே வைக்க முடியாது. கதிர் அளக்கும் கருவி ஒன்று கையிருப்பில் இருந்து, குறித்த காலத்துக்கொருமுறை தரப்படுத்தப்பட வேண்டும்.

பிறகு கசிவுச் சோதனை. குப்பிக்கு அருகிலுள்ள பகுதியைத் துணியால் துடைத்து, துணியில் ஒட்டியதை ஆய்வுகூடத்தில் அளப்பார்கள். பல நாடுகள் பின்பற்றும் எல்லை 185 பெக்கரல். குப்பிக்குள் 30 கோடி பெக்கரல் இருக்கையில் வெளியே 200ஐக்கூட அனுமதிப்பதில்லை என்பதிலிருந்து இந்தச் சோதனையின் கூர்மையை உணரலாம்.

இவை எல்லாவற்றையும்விட அடிப்படையானது பதிவேடு. குப்பியின் தொடர் இலக்கம், அதன் தொடக்க அளவு, இன்று அது எந்த அறையில் அல்லது எந்தக் களத்தில், யார் கையெழுத்திட்டு எடுத்தார், எப்போது திருப்பினார். பரிசோதகர் ஒருவர் முன்னறிவிப்பின்றி வந்து கேட்டால் சில நிமிடங்களில் பெட்டியைக் காட்ட முடிய வேண்டும். ‘இங்கேதான் எங்காவது இருக்கும்’ என்ற விடை வந்தால் அந்த நிறுவனத்திடம் மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் பயனில்லை.

வீதியில் 260 கிலோமீற்றர்

கொழும்பிலிருந்து திருகோணமலை ஏறத்தாழ 260 கிலோமீற்றர். பெட்டி தன் வாழ்நாளில் பெரும் பகுதியைக் களத்திலன்றி வாகனத்திலும் களஞ்சியத்திலுமே கழிக்கிறது. அளக்கும் ஒரு நிமிடத்துக்குப் பாதுகாப்புப் பயிற்சி தந்துவிட்டு, பயணத்தின் ஆறேழு மணி நேரத்தைச் சாரதியின் பொறுப்பில் விட்டுவிடும் வழக்கம் பல நாடுகளில் இழப்புகளுக்கு வழிவகுத்திருக்கிறது.

மூடிய மூலம் சிறப்பு வடிவம் என்ற தகுதியைப் பெற, ஒன்பது மீற்றர் உயரத்திலிருந்து விழுதல், 800 பாகை வெப்பத்தில் பத்து நிமிடம் கிடத்தல் போன்ற சோதனைகளில் உடையாமல் தேற வேண்டும். பெட்டியை வைக்கும் பயணப் பேழையில் மஞ்சள் நிறச் சிட்டை ஒட்டப்படும். அதில் எழுதிய ஓர் எண், பேழையிலிருந்து ஒரு மீற்றரில் கதிர் எவ்வளவு என்பதைச் சொல்கிறது. அடர்த்திமானிகளுக்கு வழக்கமான சிட்டையில் இந்த எண் 1ஐத் தாண்டக்கூடாது. அதாவது மணிக்கு 10 மைக்ரோசீவேர்ட். விபத்து நடந்தால் முதலில் வரும் பொலிஸாரும் தீயணைப்பு வீரரும் இந்தச் சிட்டையையும் சாரதியிடமுள்ள ஆவணத்தையும் பார்த்துத்தான் முடிவெடுப்பர். பேழையைச் சாரதியின் இருக்கைக்குப் பின்னால் திணிக்காமல், வண்டியின் பின்தட்டில் கட்டி நிறுத்த வேண்டும். பயணிகள் பேருந்தில் ஏற்றவே கூடாது.

களவு இன்னொரு கவலை. எடுப்பவருக்கு அது விலையுயர்ந்த கருவிபோலத் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. கண்காணிப்பில் இல்லாதபோது கையடக்க அடர்த்திமானிக்கு ஒன்றையொன்று சாராத இரண்டு தடைகளாவது இருக்க வேண்டும் என்ற விதியை அமெரிக்க ஒழுங்குபடுத்துநர் 2005இல் கொண்டுவந்தார். பூட்டிய பேழையை வண்டியோடு சங்கிலியால் பிணைத்து வேறொரு பூட்டும் இடுவது ஒரு வழி. எளிய விதி, எந்த நாட்டு உருக்குக் கடையிலும் கிடைக்கும் பொருளால் நிறைவேற்றக்கூடியது.

வண்டியின் அதிர்வு மட்டுமே என்ன செய்யும் என்பதற்கு மேற்கு அவுஸ்திரேலியாவில் 2023இல் நடந்தது சான்று. ரியோ டின்டோ நிறுவனத்தின் சுரங்கமொன்றில் நிலையாகப் பொருத்தியிருந்த அடர்த்திமானி திருத்தத்துக்காகப் பேர்த் நகருக்கு அனுப்பப்பட்டது. ஜனவரி 12இல் புறப்பட்ட பொதி 25இல் திறக்கப்பட்டபோது ஒரு திருகாணி கழன்றிருந்தது. 6 மில்லிமீற்றர் விட்டமும் 8 மில்லிமீற்றர் உயரமும் உள்ள சீசியக் குப்பியைக் காணவில்லை. அதன் அளவு 19 கிகாபெக்கரல், வீதியோரக் கருவியில் உள்ளதைப்போல் அறுபது மடங்குக்கு மேல். 1,400 கிலோமீற்றர் வீதி முழுவதும் தேடினர். பெப்ரவரி 1இல், மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் சென்ற உணரி வாகனம் அதை வீதியோரத்தில் கண்டது. அங்குள்ள 1975ஆம் ஆண்டுச் சட்டத்தில் இத்தகைய தவறுக்கு உச்சத் தண்டம் 1,000 டொலர் மட்டுமே என்பதும் அப்போதுதான் பலருக்குத் தெரியவந்தது. குப்பி கிடைத்தது பெரும் நல்லூழ். ஆனால் பொதி பேர்த்தை அடைந்த பின்னும், அதைத் திறக்கும்வரை ஒன்பது நாள், குப்பி தொலைந்ததே எவருக்கும் தெரியாமல் இருந்தது.

துறைமுகத்தின் வேறு மூலங்கள்

திருகோணமலை போன்ற துறைமுக மாவட்டத்தில் கதிர்மூலம் வீதிப் பணியோடு மட்டும் வருவதில்லை. கடலடி மண்ணை உறிஞ்சும் தூர்வாரும் கப்பல்கள், குழாயில் ஓடும் கலவையில் எவ்வளவு மணல் இருக்கிறது என்று அறியக் குழாயின் வெளியே கதிர் அடர்த்திமானியைப் பொருத்திக்கொள்வது வழக்கம். சீனக்குடாவின் 99 எண்ணெய்த் தாங்கிகளைப்போன்ற பெரிய உருக்குக் கட்டுமானங்களைப் பழுதுபார்க்கையில் இணைப்புகளைப் படம்பிடிக்க இரிடியம் மூலம் தேவைப்படக்கூடும். அது அடர்த்திமானியைவிட இரண்டு வகை மேலே நிற்பது, கட்டுப்பாடும் அதற்கேற்பக் கடுமையானது.

இயற்கையும் இங்கே தன் பங்கை வைத்திருக்கிறது. திருகோணமலை நகருக்கு வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீற்றரில் உள்ள புல்மோட்டைக் கரையின் கனிம மணலில் இல்மனைற்று, உரூற்றைல், சிர்க்கோன் ஆகியவற்றோடு மொனசைற்றும் சிறிதளவு உண்டு. மொனசைற்றில் தோரியம் இருக்கிறது. அது எவரும் அடைத்துவைக்காத, பரந்து கிடக்கும் கதிர். மூடிய மூலத்துக்கான விதிகள் அதற்குப் பொருந்தா.

கடல்வழி வரும் கதிரியக்கப் பொருள்மீது 2014ஆம் ஆண்டுச் சட்டம் எப்படிப் பாய்கிறது என்பது 2021 ஏப்ரலில் தெரிந்தது. ரொட்டர்டாமிலிருந்து சீனா நோக்கிச் சென்ற பிபிசி நேப்பிள்ஸ் என்ற கப்பல் அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்குள் வந்தது. அதில் யுரேனியம் எக்சாபுளோரைட்டு இருந்தது. அணுமின் நிலையங்களுக்கான எரிபொருள் தயாரிப்பில் இடைநிலைப் பொருள் அது. சட்டப்படி பெற வேண்டிய முன்னனுமதி பெறப்படவில்லை. ஒழுங்குபடுத்தல் பேரவை தலையிட, கப்பல் துறைமுகத்தை விட்டு வெளியேற்றப்பட்டது. சரக்கு இலங்கைக்கு வந்ததன்று, கடந்து செல்வது மட்டுமே. இருந்தும் அனுமதி தேவை என்ற நிலைப்பாடு அன்று நாடு முழுவதும் செய்தியாயிற்று.

கப்பல் முழுவதும் வரும் சரக்கு செய்தியாகும். வெளிநாட்டு ஒப்பந்தக்காரர் தன் உருளைகளோடும் கலவை இயந்திரங்களோடும் ஒரே கொள்கலனில் கொண்டுவரும் ஒற்றை மஞ்சள் பெட்டி செய்தியாகாது. இறக்குமதி அனுமதி, வேலைக்காலத்துக்கான அனுமதி, வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பும் அனுமதி ஆகிய மூன்றும் ஒரே கோப்பில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தால்தான் உள்ளே வந்த பெட்டி வெளியே போனதா என்று தெரியும். சுங்கத் திணைக்களமும் துறைமுக அதிகார சபையும் ஒழுங்குபடுத்துநரும் இந்தத் தகவலைப் பகிர்ந்துகொள்ள வேண்டிய இடம் இதுவே.

கோட்டையளவு ஆயுள்

கதிரியக்கப் பொருளில் பாதி சிதைந்து முடிய எடுக்கும் காலத்தை அதன் ‘அரை ஆயுள்’ என்கிறார்கள். சீசியம்-137க்கு அது 30 ஆண்டு. 60 ஆண்டில் கால்பங்கும் 90 ஆண்டில் எட்டில் ஒரு பங்கும் எஞ்சும். அமெரிசியம்-241க்கு அரை ஆயுள் 432 ஆண்டு. போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து 1620களில் எழுப்பிய பிரெட்ரிக் கோட்டைக்கு இன்று வயது ஏறத்தாழ 400. அன்று அங்கே இத்தகைய குப்பியொன்று வைக்கப்பட்டிருந்தால், அதில் பாதிக்கு மேல் இன்றும் இருக்கும். இதற்கிடையில் கோட்டை போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று கைமாறி, சுதந்திர இலங்கையின் படைமுகாமும் ஆகிவிட்டது.

கட்டுமான நிறுவனமொன்றின் ஆயுள் அவ்வளவு நீளமன்று. பணி முடிகிறது, கூட்டு நிறுவனம் கலைகிறது, கடன் தீராமல் இயந்திரங்கள் ஏலத்துக்கு வருகின்றன. களஞ்சியத்தின் பூட்டைத் திறப்பவருக்கு மஞ்சள் பெட்டி என்னவென்று தெரியாது. எச்சரிக்கைச் சிட்டை வெயிலில் வெளுத்திருக்கும். அங்கிருந்து பழைய இரும்பு வியாபாரியின் வண்டிக்குத் தூரம் அதிகமில்லை. பொறுப்பேற்பவர் இல்லாமல் போன இத்தகைய மூலத்தை ‘அநாதை மூலம்’ என்பர்.

அநாதை மூலங்கள் செய்த பெரிய அழிவுகள் அடர்த்திமானியால் நேர்ந்தவை அல்ல. ஆனால் அவை நடந்த வழி ஒன்றே. பிரேசிலின் கொயானியா நகரில் 1987இல் கைவிடப்பட்ட மருத்துவ நிலையமொன்றிலிருந்து சீசியம் மூலத்தைப் பழைய இரும்புக்காக எடுத்து உடைத்தனர். நால்வர் இறந்தனர், 249 பேரில் மாசு காணப்பட்டது. தில்லிப் பல்கலைக்கழகம் பயன்படுத்தாமல் வைத்திருந்த கோபால்ட் கருவி 2010இல் ஏலத்தில் போய், மாயாபுரியின் இரும்புக் கடைகளில் வெட்டப்பட்டது; ஒருவர் இறந்தார். இரண்டு இடத்திலும் மூலத்தைப் பயன்படுத்திய காலத்தில் எந்தத் தீங்கும் நேரவில்லை. பயன்பாடு முடிந்து, பொறுப்பு யாருடையது என்பது மறந்துபோன பிறகே நேர்ந்தது.

இதனால் நல்ல அனுமதிமுறை, பெட்டி நாட்டுக்குள் வரும் நாளிலேயே அது வெளியேறும் வழியைக் கேட்கிறது. பயன்பாடு முடிந்தபின் மூலத்தைத் திரும்ப ஏற்பதாக உற்பத்தியாளரின் எழுத்து உறுதி, அதற்கான செலவை யார் ஏற்பார் என்ற விவரம், நிறுவனம் கலைந்தால் பொறுப்பு யாருக்கு மாறும் என்ற விவரம் ஆகியவை விண்ணப்பத்தோடு வர வேண்டியவை. உற்பத்தியாளரே மூடப்பட்டுவிட்டால், பயன்படாத மூலங்களைச் சேர்த்துவைக்கும் தேசியக் களஞ்சியத்துக்கு அது போகும். இலங்கையில் அந்த ஏற்பாட்டை அணுசக்திச் சபை கவனிக்கிறது.

கருவி பழுதாகி மூலையில் கிடந்தாலும் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்பட வேண்டும். இயங்காத கருவிக்கு ஏன் கட்டணம் என்று உரிமையாளர் கேட்பது வழக்கம். திரையும் மின்கலமும் மட்டுமே செத்திருக்கின்றன. குப்பிகள் இரண்டும் இயங்கிக்கொண்டே இருக்கின்றன. மூலத்தை ஏற்றுக்கொண்டதாக உற்பத்தியாளரோ தேசியக் களஞ்சியமோ தொடர் இலக்கத்தோடு எழுதித் தரும் சான்று ஒழுங்குபடுத்துநரின் கோப்பில் சேர்ந்த பிறகே அந்த அனுமதிப்பத்திரம் முடிவுக்கு வருகிறது.